போன் பில்லை யார் படிக்கிறார்கள்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நூல் விலையை முதலாளி பைசா சுத்தமாகச் சொல்வார். கரண்ட் பில் எந்த மாதம் ஏறியது, ஏன் ஏறியது என்பதும் அவருக்கு அத்துப்படி. "உங்க கம்பெனி பேர்ல மொத்தம் எத்தனை சிம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார், அக்கவுண்டன்டைக் கூப்பிடுவார், அவர் பில்லைப் புரட்டி ஓர் எண்ணிக்கையைச் சொல்வார். அந்த நம்பர்களெல்லாம் இப்போது யார் கையில் இருக்கின்றன என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் இருவருமே பதில் தெரியாமல் நிற்பார்கள். நாலைந்து நம்பருக்காவது ஆள் தெரியாது.

தொலைத்தொடர்புச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே "எந்த கம்பெனி பிளான் மலிவு?" என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த வரையில் பெரும்பாலான சிறு, நடுத்தர நிறுவனங்களில் காசு ஒழுகும் இடம் வேறு. யாரும் பயன்படுத்தாத இணைப்பு, தேவைக்கு மேல் வாங்கிய வேகம், கோராமல் விட்ட வரி, எவரும் திறந்து பார்க்காத பில் என்று அது பல இடங்களில் சொட்டுச் சொட்டாகப் போகிறது.

இந்த நிலை எப்படி வந்தது என்று பார்த்தால்தான் மருந்தும் புரியும். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது 1995 ஜூலை 31 அன்று. அந்தக் காலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 16 ரூபாய். வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். உள்வரும் அழைப்பு இலவசமானதே 2003இல்தான். அப்போதெல்லாம் ஆபீஸ் போனுக்குப் பூட்டு இருந்தது. வெளியூருக்கு எஸ்டிடி பேச ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் பேச வேண்டும், மாதக் கடைசியில் மேனேஜர் அந்த ரிஜிஸ்டரையும் பில்லையும் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பார். நிமிடம் விலை உயர்ந்த சரக்கு என்பதால் அதற்குக் காவல் இருந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் குரல் அழைப்புக்குத் தனி விலை என்பதே மறையத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அழைப்புக்கு அவர்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் கட்டணம் 14 பைசாவாக இருந்தது. 2017 அக்டோபரில் அது 6 பைசாவானது, 2021 ஜனவரி 1 முதல் அதுவும் இல்லாமல் போனது. இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே தொகை. நிமிடக் கணக்கு போய் தலைக்கணக்கு வந்துவிட்டது. காவல் இருந்த இடத்தில் மட்டும் புதிதாக யாரையும் வைக்கவில்லை. ஒரு இணைப்புக்கு 400 ரூபாய்தானே என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனோம்.

அந்த 400 ரூபாயும் இனி குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பத்துக்கும் மேற்பட்ட மொபைல் நிறுவனங்கள் இருந்த சந்தையில் இன்று மிஞ்சியிருப்பது மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும்தான். தொலைபேசி நிறுவனங்கள் அரசுக்குத் தர வேண்டிய வருவாய்ப் பங்கு பற்றிய வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததால் பழைய நிறுவனங்களின் தலையில் பெரும் பாக்கி விழுந்தது. 2019 டிசம்பர், 2021 கடைசி, 2024 ஜூலை என மூன்று முறை கட்டணம் ஏறியது. 2024 உயர்வு மட்டும் பிளானைப் பொறுத்துச் சுமார் 10 முதல் 27 விழுக்காடு வரை இருந்தது. விலை நம் கையில் இல்லை. எத்தனை இணைப்பு வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு தாள் போதும். நம்பர், யாரிடம் இருக்கிறது, எதற்கு, எந்த பிளான், மாதம் எவ்வளவு, யார் பெயரில். இந்த ஆறு கட்டத்தையும் நிரப்பும்போதே பாதி உண்மை வெளிவந்துவிடும். பில்லை மட்டும் பார்த்து எழுதினால் முழுப் பட்டியல் கிடைக்காது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தானாகப் போகும் தொகைகளைப் பார்க்க வேண்டும். பெட்டி கேஷ் வவுச்சர்களையும் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் தன் போனிலிருந்து ரீசார்ஜ் செய்துவிட்டு ஆபீஸில் காசு வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது தொலைபேசிச் செலவாகக் கணக்கில் ஏறுவதே இல்லை, "இதர செலவு" என்று போய்விடும்.

அப்புறம், மனிதர் கையில் இல்லாத சிம்கள். சரக்கு வண்டியின் ஜிபிஎஸ் கருவி, கார்டு தேய்க்கும் மெஷின், குடோன் கேமராவுக்கு நெட் கொடுக்கும் ரவுட்டர், கைரேகை வருகைப் பதிவு என ஒவ்வொன்றிலும் ஒரு சிம் உட்கார்ந்திருக்கும். வண்டியை விற்றிருப்போம், கருவியையும் கழற்றியிருப்போம், சிம்முக்கு மட்டும் பணம் போய்க்கொண்டே இருக்கும். இயந்திரங்களுக்கென்றே 13 இலக்க எண்களில் தனி இணைப்புகள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஆளுக்குக் கொடுக்கும் அன்லிமிடெட் பிளான் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் வீண்தான்.

ஆள் தெரியாத நம்பரைக் கண்டதும் உடனே துண்டித்துவிடத் தோன்றும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்டிடம் இருந்த நம்பரில்தான் ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி வந்துகொண்டிருக்கும். பேங்க், பிஎஃப், மின் வாரியம், இ-வே பில் என்று எத்தனையோ இடத்தில் அதே நம்பர் பதிவாகியிருக்கும். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கிவிடலாம் என்பது விதி. அதாவது நம் பேங்க் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. எனவே அந்த நம்பர் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, மாற்றி, அதன் பிறகுதான் மூட வேண்டும். மாற்ற நாளாகும் என்றால் அது வரைக்கும் ஆகக் குறைந்த பிளானில் உயிரோடு வைத்திருப்பது நல்லது. மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பேங்க் கணக்கையே திறந்து போட்டுவிடக் கூடாது.

யார் பெயரில் என்ற கட்டமும் சாதாரணமானதல்ல. அவசரத்துக்கு முதலாளி பெயரிலோ அவர் மனைவி பெயரிலோ எடுத்த சிம்கள் அப்படியே நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் ஒரு தனிநபர் பெயரில் 9 சிம்தான் இருக்கலாம். தன் பெயரில் எத்தனை இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தவர்கள் பலர் திடுக்கிட்டிருக்கிறார்கள். ஊழியர் தன் பெயரில் எடுத்து வாடிக்கையாளர்களிடம் கொடுத்த நம்பர் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அவர் போகும்போது நம்பரும் போகும், பத்து வருட வாடிக்கையாளர்களும் கூடவே போவார்கள். நிறுவனத்தின் பெயரில் வணிக இணைப்பாக எடுத்தால் நிறுவனத்தின் ஆவணங்களோடு ஒவ்வொரு சிம்மையும் பயன்படுத்தும் ஊழியரின் அடையாளத்தையும் பதிய வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் நம்பர் நம்முடையதாக இருக்கும், வரியும் திரும்ப வரும்.

நூற்றுக்குத் திரும்ப வர வேண்டிய 18 ரூபாய்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தொலைபேசிச் சேவை மீதான வரி 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. வீட்டுக்கு அது சுமை. ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனத்துக்கு, தொழிலுக்காகப் பயன்படுத்தும் இணைப்பு என்றால், அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. (விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.) ஒரு பேச்சுக்கு, 400 ரூபாய் பிளானில் 40 இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். வரி மட்டும் மாதம் 2,880 ரூபாய், வருடத்துக்கு 34,560. பில்லில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் இந்தத் தொகை முழுவதும் போச்சு. எண் இருந்தாலும், நமக்கு வர வேண்டிய வரி வரவை ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அந்த பில் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு நிதியாண்டின் வரவை எடுத்துக்கொள்ள, அந்த ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரைக்கும்தான் பொதுவாக நேரம், ஆண்டு ரிட்டர்னை முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு சரி. ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: "போன், இன்டர்நெட் பில்லுக்கெல்லாம் கிரெடிட் எடுத்திருக்கோமா?" இல்லை என்ற பதில் வந்தால், எந்த நிறுவனத்தோடும் பேரம் பேசாமலே செலவில் ஒரு பகுதி குறையப் போகிறது என்று அர்த்தம்.

ப்ரீபெய்டில் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது. 299 ரூபாய் ரீசார்ஜில் சுமார் 45 ரூபாய் 60 காசு வரி. கடையிலோ போன் ஆப்பிலோ செய்யும் ரீசார்ஜுக்கு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் போட்ட பில் பெரும்பாலும் கையில் வராது. இன்னொன்று, 28 நாள் கணக்கு. மாதாந்திர ரீசார்ஜ் என்று நாம் சொல்வது வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை. இது பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பிளான் ஒன்றையும் மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேட்டால் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே ப்ரீபெய்டையும் போஸ்ட்பெய்டையும் ஒப்பிடும்போது மேலே எழுதியிருக்கும் விலையைப் பார்க்காமல் வருடச் செலவைப் போட்டு, வரி வரவைக் கழித்து, அதன் பிறகு பார்க்க வேண்டும்.

ஆளுக்கேற்ற பிளான் என்பதும் இங்கே சேரும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு தினம் 2 ஜிபி டேட்டா எதற்கு? பேச மட்டும் போன் வேண்டியவர்களையும் டேட்டா சேர்த்த பிளானுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் ட்ராய் விதியைத் திருத்தி, குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கைக் கட்டாயமாக்கியது. செல்லுபடிக் காலத்தையும் 365 நாள் வரை நீட்டிக்க அனுமதித்தது. குடோன், கேட், டிரைவர் போன்களுக்கு இதைப் பார்க்கலாம். ஆனால் டிரைவர் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்ப வேண்டியவர் என்றால் கூடாது. பிளானை மாற்றும் முன் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆபீஸிலிருந்தே முடிவெடுத்து டேட்டாவை வெட்டினால் நாளைக்கு அவர் சொந்தக் காசில் டேட்டா போட்டு நம் வேலையைப் பார்ப்பார். நம் கணக்கில் மிச்சமாகத் தெரிவது அவர் சம்பளத்திலிருந்து போன காசாக இருக்கும். அதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்டர்நெட்டில் மலிவைத் தேடலாமா?

சிம் செலவுக்கு அடுத்த பெரிய தொகை இன்டர்நெட். இதில் இரண்டு வகை. வீட்டுக்கு வருவது போன்ற ஃபைபர் பிராட்பேண்ட் ஒன்று, லீஸ்டு லைன் ஒன்று. பிராட்பேண்டில் 100 எம்பிபிஎஸ் என்பது பலர் பங்கிட்டுக்கொள்ளும் குழாய். லீஸ்டு லைனில் அந்த வேகம் நமக்கே நமக்கு. மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் ஒரே வேகம், நின்றால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அதனால்தான் விலை பல மடங்கு.

சர்வரை உள்ளேயே வைத்து வெளியூர்க் கிளைகளை இணைத்திருப்பவர்களுக்கு லீஸ்டு லைன் தேவைப்படலாம். மெயிலும் வாட்ஸ்அப்பும் ஜிஎஸ்டி தளமும் டேலியும்தான் என்றால், வேறு வேறு நிறுவனங்களிடம் இரண்டு பிராட்பேண்ட் எடுத்து, ஒன்று நின்றால் மற்றொன்றுக்குத் தானாக மாறும் ரவுட்டரைப் போடுவது பெரும்பாலும் போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு நிறுவனத்தின் கேபிளும் தெருவில் ஒரே கம்பத்தில் வந்தால், ஒரு லாரி உரசியதும் இரண்டும் சேர்ந்தே அறும். வேறு வழியாக வருகிறதா என்று கேபிளைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் இரண்டாவதை வயரில்லாத இணைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

லீஸ்டு லைன் ஏற்கெனவே இருப்பவர்கள் ஒப்பந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் பேசிய விலையிலேயே அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு போகும். புது வாடிக்கையாளருக்கு அதே தொகையில் கூடுதல் வேகம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பழையவர் கேட்கும் வரைக்கும் பழைய விலைதான். முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வேறு இரண்டு இடத்தில் எழுத்தில் விலை வாங்கி வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும். கடைசி வாரத்தில் கூப்பிட்டால், மாற நமக்கு நேரமில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

லேண்ட்லைனும், ஆபீஸுக்குள் அழைப்பைப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சும் சுருங்கி வரும் செலவு. ஆனாலும் ஒன்றைப் பார்க்கலாம். பெரிய ஆபீஸ்களில் பிஆர்ஐ என்ற லைன் இருக்கும். அதில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் போகும் வரும். காலைப் பரபரப்பில்கூட ஆறு பேர்தான் பேசுகிறார்கள் என்றால் மீதி 24க்கும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம். டேட்டா லைன் வழியாக அழைப்பைக் கொண்டுபோகும், தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய சிப் டிரங்க் இணைப்புக்கு மாறலாம். கால் சென்டர் போல வெளியாருக்கு வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்களுக்கு முன்பெல்லாம் பதிவு, பேங்க் கியாரண்டி என்று கட்டுப்பாடுகள் அதிகம். 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் அவை பெருமளவு தளர்ந்தன. அன்று அந்த விதிகளுக்காகவே போட்ட தனித்தனி லைன்கள் இன்னும் ஓடுகின்றனவா என்று அவர்கள் பார்ப்பது நல்லது. ஐஎஸ்டி என்ற வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத எக்ஸ்சேஞ்சில் அதைப் பூட்டி வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றாத எக்ஸ்சேஞ்சுக்குள் புகுந்து, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைத்துத் தள்ளும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அந்த பில் நம் தலையில்தான் விழும்.

தமிழில் அனுப்பினால் ஏன் கூடுதல் செலவு?

வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்களில் பலருக்கு இது தெரியாது, தமிழ் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து. தமிழில் 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. "னு" என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு "ன" ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளியும் தனிக் கணக்கு. "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது" என்பதில் இடைவெளியோடு சேர்த்து நாம் எண்ணினால் 19, எஸ்எம்எஸ் கணக்கில் 28. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். அப்போது துண்டுக்கு 67தான். 140 வந்தால் இரண்டு எஸ்எம்எஸ் என்று நினைப்போம், மூன்றுக்குக் காசு போகும்.

இதற்காக ஆங்கிலத்துக்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். படிக்க முடியாத செய்தியை மலிவாக அனுப்பி என்ன பயன்? ட்ராய் விதிப்படி செய்தியின் மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்துதான் அனுப்ப முடியும் என்பதால், அந்த மாதிரியை எழுதும்போதே சுருக்கினால் போதும். "உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதுவதைவிட "சரக்கு அனுப்பியாச்சு" என்பது வாடிக்கையாளருக்கும் பிடிக்கும், காசும் மிஞ்சும். ஆங்கிலத்தில் அனுப்புபவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று: ₹ சின்னம் ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப் வழியாக அனுப்புவோருக்கு 2025 ஜூலை முதல், முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்தி ஒவ்வொன்றுக்கும் பொதுவாகத் தனிக் கட்டணம். வாடிக்கையாளர் நமக்கு எழுதிய 24 மணி நேரத்துக்குள் நாம் சாதாரணமாகப் பதில் எழுதினால் அதற்குக் கட்டணமில்லை.

கடைசியாக, பேரமும் மாற்றமும். கணக்கெல்லாம் கையில் வந்த பிறகு பேசுங்கள், முன்னால் வேண்டாம். 40 இணைப்பில் 31தான் தேவை என்று தெரிந்த பின் பேசும் பேச்சுக்கு எடை அதிகம். மொபைல் நம்பரை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது 2011 ஜனவரியில். நிறுவன இணைப்புகளுக்கு ஒரே அனுமதிக் கடிதத்தில் 100 நம்பர் வரை மாற்றலாம். ஐந்து வேலை நாளில் முடிய வேண்டும். இணைப்பு எடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது. மொத்தமாக மாற்றுவதற்கு முன் புதிய நிறுவனத்தின் இரண்டு மூன்று சிம்மை வாங்கி, தையல் செக்‌ஷனின் உள் மூலையிலும் குடோனிலும் சிக்னல் வருகிறதா என்று ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். லேண்ட்லைனுக்கு இந்த மாற்றும் வசதி கிடையாது. இருபது வருடமாக அட்டைப் பெட்டியில் அச்சாகி வரும் நம்பர் என்றால், குறைந்த வாடகையில் வைத்துக்கொண்டு அழைப்பை மொபைலுக்குத் திருப்பிவிடலாம்.

இணைப்பை மூடுவதிலும் காசு ஒழுகும். வாயால் சொன்னால் போதாது. மூடச் சொல்லி மெயில் அனுப்பி, கோரிக்கை எண்ணை வாங்கி, பட்டியலில் அந்த நம்பருக்கு எதிரே எழுதிவைக்க வேண்டும். அடுத்த மாத பில்லில் அது மறைந்ததா என்று பார்க்க வேண்டும். பேங்கில் தானாகப் பணம் போகும் ஏற்பாட்டையும் தனியாக நிறுத்த வேண்டும். ஆரம்பத்தில் கட்டிய டெபாசிட் இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது, எடுக்க வரும் பையனிடம் அதன் சீரியல் எண்ணோடு கையெழுத்து வாங்கி, அந்தச் சீட்டைக் கடைசி பில்லோடு சேர்த்துப் பின் போட்டு ஃபைலில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ரவுட்டர் வரவில்லை என்று ஒரு போன் வரும்.